இது எங்கள் பாவத்துக்குத் தண்டனையா?

சென்ற மாரிமழை தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணியொன்றைப் பார்ப்பதற்கு முதியவர் ஒருவருடன் நாமும் போயிருந்தோம். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மனைவி பிள்ளைகளோடு அந்தச் செம்மண்ணை விட்டு வெளியேறியவர் அவர். அன்று அவருக்கு 37 வயது. இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். இடைப்பட்ட காலத்தில் பாடசாலை விறாந்தை, உறவினர் வளவு, நலன்புரி நிலையத்தில் ஒரு சிறிய அறை, பிறகு பிறர் காணியில் ஒரு கொட்டில் என எத்தனையோ கூரைகளின் கீழ் இருந்துவிட்டார். அன்று அவர் தமது கிணற்றைத் தேடினார். பற்றைகளை வெட்டி உள்ளே போனபோது கிணறு மண்ணால் தூர்ந்து கிடந்தது. வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. வெங்காயம் நட்ட தறை எது, வாழை நின்ற தறை எது என்று பிரித்தறிய முடியவில்லை. உடைந்துபோன கிணற்றுக்கட்டில் அமர்ந்துகொண்டு அவர் எம்மைக் கேட்டார்:

"சுவாமி, நாங்கள் அப்பிடி என்ன பாவம் செய்தனாங்கள்? கடவுள் எங்களைத் தண்டிச்சுப் போட்டார் எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம். நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுங்கோ."

குருமடத்தில் கற்ற மறைநூல் விளக்கங்கள் எவையும் அந்த நேரத்தில் எமது வாய்க்கு வரவில்லை. நாமும் அவர் அருகில் பேசாமல் இருந்தோம். ஆனால் அந்தக் கேள்வி எம்மை விட்டுப் போகவில்லை. இது அந்த முதியவருடைய கேள்வி மட்டுமல்ல. வீட்டையும் வயலையும் இழந்த ஒவ்வொரு கமக்காரக் குடும்பத்தின் அடிமனதிலும் கிடக்கும் கேள்வி. எனவே அவருக்கு அன்று சொல்லாத பதிலை இவ்விதழின் வாசகர்கள் அனைவரோடும் சேர்ந்து தேடிப் பார்க்க விரும்புகிறோம்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

2004 மார்கழியில் கடல் பொங்கி வந்தபோது, கரையோரத்து மக்களின் பாவமே அதற்குக் காரணம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 2009க்குப் பின்னர் மெனிக் பாம் முகாமின் தறப்பாள் கொட்டில்களுக்குள் இருந்த சனங்களுக்கும் இதே போதனை வழங்கப்பட்டது. பிறரை மட்டும் குறைசொல்வதில் பயனில்லை. எமது பிரசங்க மேடைகளிலிருந்தும் இத்தகைய வார்த்தைகள் வந்துள்ளன. விவிலியத்தில் அழிவும் தீர்ப்பும் பக்கத்துக்குப் பக்கம் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் இரண்டு வரிகளைப் பிடுங்கி, காயப்பட்டவன் தலையில் போடுவது மிக இலகு. ஆனால் அந்தத் தீர்ப்பு யாரை நோக்கி, யாரால், எப்பொழுது சொல்லப்பட்டது என்று கேட்காமல் வாசிப்பது, வழக்கின் பெயரைப் பாராமல் தண்டனையை மட்டும் வாசிப்பதற்கு ஒப்பாகும்.

தீர்ப்பு யாருக்கு?

முதலில் நாபோத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். அரசர்கள் முதல் நூல் 21ஆம் அதிகாரத்தில் அது வருகிறது. இஸ்ரியேல் என்ற ஊரில் அரசன் ஆகாபின் மாளிகைக்கு அருகே நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அரசனுக்கு அதைக் கீரைத் தோட்டமாக்க ஆசை. விலை தருவதாகவும் வேறு காணி தருவதாகவும் கேட்டான். முதுசக் காணியைக் கொடுக்க நாபோத் சம்மதிக்கவில்லை. அரசி ஈசபேல் அரச முத்திரையிட்டுக் கடிதம் அனுப்பினாள். பொய்ச்சாட்சிகள் நிறுத்தப்பட்டனர். நாபோத் கல்லால் எறிந்து கொல்லப்பட்டான். அதன்பின் ஆகாப் தோட்டத்தைக் கையகப்படுத்தப் புறப்பட்டான். அந்தத் தோட்டத்திலேயே இறைவாக்கினர் எலியா அவனைச் சந்தித்துக் கடவுளின் தீர்ப்பை அறிவித்தார்.

கவனியுங்கள். காணியை இழந்தவன் நாபோத், உயிரை இழந்தவனும் அவனே. ஊர்ப் பேச்சின்படி பார்த்தால் தண்டிக்கப்பட்டவன் அவன்தான். ஆனால் விவிலியம் அப்படிச் சொல்லவில்லை. கடவுளின் தீர்ப்பு காணியை எடுத்தவன் மீதே விழுகிறது.

ஏனைய இறைவாக்கினரும் இதே வழியிலேயே நடந்தனர். வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போய், ஏழைக்கு நிற்கவும் இடமில்லாமற் செய்தவர்களுக்கு எதிராகவே எசாயா ஐந்தாம் அதிகாரத்தில் பேசுகிறார். அவர் சொல்லும் தண்டனையும் கமக்காரனுக்கு நன்கு விளங்கும். எங்கள் கணக்கில் சொன்னால், பத்துப் புசல் விதைத்தவனுக்கு ஒரு புசல்தான் கிடைக்கும். இரவில் படுக்கையில் கிடந்தபடி பிறர் வயலைப் பறிக்கத் திட்டமிட்டு, விடிந்ததும் அதைச் செய்து முடிப்பவர்களைக் கண்டிக்கிறார் மீக்கா. சோதோம் நகரத்தின் அழிவைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். அந்த நகரத்தின் குற்றம் என்னவென்று எசேக்கியேல் 16ஆம் அதிகாரத்தில் விளக்கும்போது, உண்டு கொழுத்துச் சுகமாக இருந்தும் ஏழைக்குக் கைகொடுக்காமையை முன்வைக்கிறார்.

ஆக, விவிலியத்தில் தீர்ப்பு என்பது பலமுள்ளவனின் வாசலில் நின்று, அழிவு வருமுன்னரே சொல்லப்படும் எச்சரிக்கை. அழிவு வந்தபின் பலமில்லாதவனின் கொட்டில் வாசலுக்கு வந்து சொல்லப்படும் குற்றச்சாட்டாக அதை மாற்றிவிட எமக்கு உரிமையில்லை.

இறந்தவர் மீது பழி சுமத்தலாகாது

ஒரு நாள் இயேசுவிடம் சிலர் ஒரு செய்தியைக் கொண்டுவந்தார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றுவிட்டான் என்பதே அச்செய்தி. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இது உள்ளது. வழிபாட்டின் நடுவிலேயே கொல்லப்பட்டவர்கள் அவர்கள். இச்செய்தியை எங்கள் நாட்டவர் வேறொரு நாட்டுக் கதையாக வாசிக்க முடியாது. 1995 ஆடி 9ஆம் திகதி, இடம்பெயர்ந்து வந்து நவாலித் தேவாலயத்திலும் சுற்றாடலிலும் தங்கியிருந்த மக்கள் மீது விமானத்திலிருந்து குண்டுகள் வீசப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2019 சித்திரை 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, நீர்கொழும்புக்கு அருகே கட்டுவாப்பிட்டியிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களுக்குள் வெடித்த குண்டுகள், அதே காலையில் கொழும்பு ஹோட்டல்களில் வெடித்த குண்டுகள் என எல்லாமாக 250க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தன.

அவர்கள் பாவிகள் என்பதாலா இறந்தார்கள்? இயேசுவிடம் செய்தி கொண்டுவந்தவர்களின் மனதிலும் இதுவே இருந்தது. இயேசு அதை நேருக்கு நேர் மறுக்கிறார். கொல்லப்பட்ட கலிலேயர் மற்றக் கலிலேயரைவிடப் பெரிய பாவிகள் அல்லர். சீலோவாம் கோபுரம் சரிந்து இறந்த 18 பேரும் எருசலேமின் மற்றக் குடிகளைவிடக் குற்றவாளிகள் அல்லர். கிறிஸ்தவன் எவனாவது செத்தவர்களைக் காட்டி, அவர்களின் பாவத்துக்குக் கிடைத்த கூலி இது என்று பேசுவானேயானால், அவன் தன் ஆண்டவருடைய வார்த்தைக்கே எதிராகப் பேசுகிறான்.

யோபுவின் நண்பர்களும் எமக்குப் பாடமாக இருக்கிறார்கள். செய்தி கேட்டு வந்த அவர்கள் ஏழு நாட்கள் பேசாமல் அவரோடு தரையில் இருந்தார்கள். அந்த ஏழு நாட்களும் அவர்கள் நல்ல நண்பர்களே. வாய் திறந்து, நீ ஏதோ தவறு செய்திருக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கிய பின்னரே கெட்டுப்போனார்கள். இறுதியில் கடவுள் கண்டிப்பது யோபுவை அல்ல, அந்த நண்பர்களையே. துயரப்பட்டவர் வீட்டுக்குப் போகும் குருக்கள், துறவிகள், தொண்டு நிறுவன ஊழியர்கள் அனைவரும் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

புலம்புவதற்கு உரிமை உண்டு

கி.மு. 587 அளவில் பாபிலோனியப் படை எருசலேமை வீழ்த்தியது. நீண்ட முற்றுகை. நகரத்துக்குள் உணவு தீர்ந்தது. மதில் உடைக்கப்பட்டது. ஆலயம் எரிக்கப்பட்டது. மக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். எரேமியா நூலின் கடைசி அதிகாரம் மூன்று முறை கொண்டுசெல்லப்பட்டவர்களை 3,023, 832, 745 என்று எண்ணி, மொத்தம் 4,600 பேர் என முடிக்கிறது. கூப்பன் மட்டையிலும் முகாம் பதிவேட்டிலும் தம் குடும்பத்தை இலக்கமாகக் கண்டவர்களுக்கு அந்தப் பட்டியல் அந்நியமானதல்ல.

அந்த அழிவின் நடுவே எழுந்ததுதான் புலம்பல் நூல். அதில் ஐந்து பாடல்கள் உண்டு. அவற்றில் நான்கு எபிரேய மொழியின் 22 எழுத்துக்களை ஒழுங்காகப் பின்பற்றி அமைக்கப்பட்டுள்ளன. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை துயரத்தைச் சொல்லித் தீர்க்க அவர்கள் முயன்றார்கள் போலும். ஐந்தாம் பாடல் முதுசம் அந்நியர் கைக்குப் போனதையும், தம் தண்ணீரையே காசுக்கு வாங்கிக் குடித்ததையும், விறகுக்கும் விலை கொடுத்ததையும் முறையிடுகிறது. பிறர் வளவில் குடியிருந்து, ஒரு வாளி தண்ணீருக்காக வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து நின்ற தாய்மாருக்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை.

இந்நூலை விவிலியத்திலிருந்து எவரும் நீக்கவில்லை. எனவே அழுவது விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லவேண்டாம். கடவுளிடம் ஏன் என்று கேட்பது பாவம் என்றும் சொல்லவேண்டாம். காணாமற்போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரத்தில் இருக்கும் தாயின் கேள்வி, பீடத்தில் நாம் சொல்லும் செபத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

"நீங்கள்" அல்ல, "நாங்கள்"

இங்கே ஒரு நேர்மையான வாசகர் எம்மை மறிக்கலாம். புலம்பல் நூலிலேயே மக்கள் தாம் பாவம் செய்ததாக அறிக்கையிடுகிறார்களே? எரேமியா அரசரை மட்டுமன்றி மக்களையும் கண்டித்தாரே? உண்மைதான். இதை மூடி மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் காணவேண்டும். அழிவை அனுபவித்த மக்கள் தமது வாயால் "நாங்கள் தவறினோம்" என்று சொல்வது ஒன்று. கரையில் பத்திரமாக நின்றுகொண்டு ஒருவன் "நீங்கள் தவறினீர்கள்" என்று சொல்வது இன்னொன்று. முன்னையது மனமாற்றம், பின்னையது கொடுமை. எரேமியா கண்டித்தார், ஆனால் முற்றுகையிடப்பட்ட அதே நகரத்துக்குள் அதே பசியோடு இருந்து கண்டித்தார். எருசலேமுக்கு வரவிருந்த அழிவைச் சொன்ன இயேசு, நகரத்தைப் பார்த்து அழுதுகொண்டே சொன்னார் என்று லூக்கா 19ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். கண்ணீரின்றித் தீர்ப்புச் சொல்பவனை நாம் நம்பவேண்டியதில்லை.

பிள்ளைகளின் நிலையும் நினைக்கத்தக்கது. முகாமில் பிறந்து வளர்ந்த இளைஞர் சிலர், "அப்ப நாங்கள் பிறக்கவே இல்லையே, எங்களுக்கு ஏன் இது?" என்று கேட்கிறார்கள். பாபிலோனில் பிறந்த பிள்ளைகளும் இதையே கேட்டார்கள். தகப்பன் புளித்த பழம் தின்றதால் பிள்ளையின் பல் கூசுகிறது என்றொரு பழமொழி அவர்களிடையே வழங்கியது. அப்பழமொழியை இனிச் சொல்லவேண்டாம் என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில் தடுக்கிறார். அவரவர் தத்தம் வாழ்வுக்கே கணக்குக் கொடுப்பர். தகப்பனின் குற்றம் பிள்ளையின் தலைவிதி அல்ல.

அப்படியானால் எம்மை நாமே எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்? எரேமியா நூலின் 34ஆம் அதிகாரம் இதற்கு ஒரு கண்ணாடி. எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது அரசன் சிதேக்கியாவும் மக்களும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். தம் இனத்து அடிமைகள் அனைவருக்கும் விடுதலை என்று அறிவித்தார்கள், விடுவித்தும்விட்டார்கள். எகிப்தியப் படை வருகிறதென்று கேள்விப்பட்டுப் பாபிலோனியர் சிறிது காலம் விலகிப் போனார்கள். ஆபத்து நீங்கியதென்று நினைத்த எசமானர்கள் விடுவித்தவர்களைத் திரும்பப் பிடித்து அடிமைகளாக்கிக்கொண்டார்கள். எரேமியாவின் கோபம் அங்கேதான் மூண்டது.

எமக்கும் இந்த அனுபவம் உண்டு. பங்கருக்குள் நெருங்கிக் கிடந்தபோது யார் எந்தச் சாதி என்று எவரும் கேட்கவில்லை. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமமே வெளியேறி, மழையில் பாலம் கடந்து போனபோது, ஒரு போத்தல் தண்ணீரைப் பத்துப்பேர் குடித்தார்கள். உயிர் தப்பினால் இனி ஒற்றுமையாய் இருப்போம் என்று நேர்ந்துகொண்டார்கள். பிறகு என்ன நடந்தது? சில ஊர்களில் கிணற்றுக்குப் பூட்டு வந்தது. முகாம் பிள்ளைகள் என்று பாடசாலையில் சில பிள்ளைகளைத் தனியே இருத்தியதையும் கேள்விப்பட்டோம். ஆபத்து விலகியவுடன் உடன்படிக்கையும் விலகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. 1990 ஐப்பசியில் வடக்கின் முஸ்லிம் மக்கள், 70,000க்கும் மேற்பட்டோர், தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை சில மணித்தியாலங்களே. அவர்களுக்கும் வீடும் வயலும் கிணறும் இருந்தன. எங்களில் பெரும்பாலோர் மௌனமாக இருந்தோம். அவர்கள் விட்டுச்சென்ற வளவில் தேங்காய் பொறுக்கியவர்களும் எங்களிடையே இருந்தார்கள். இதைச் சொல்வதால் எம் மக்கள் பட்ட துன்பம் குறைந்துவிடாது. எம் காணிக்காக நாம் கேட்கும் நீதி, அயலவனின் காணிக்கும் உரிய அதே நீதிதான் என்பது தெளிவாகும்.

பதினேழு செக்கேல் வெள்ளி

எருசலேம் விழுவதற்கு முந்திய ஆண்டு. எரேமியா காவல்முற்றத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார். எருசலேமுக்கு அண்மையிலுள்ள அவரது சொந்த ஊரான அனத்தோத்தில் ஒரு வயலை வாங்கும்படி அவருடைய சிறிய தகப்பன் மகன் அனமேல் வந்து கேட்கிறான். எதிரிப்படை நாட்டையே சூழ்ந்திருக்கிறது. அந்த வயலில் யார் விதைப்பது, யார் அறுப்பது? உலக ஞானத்தின்படி இதைவிட மோசமான வியாபாரம் இல்லை. எரேமியா 17 செக்கேல் வெள்ளியை, எமது கணக்கில் ஏறத்தாழ 200 கிராம், நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் முன்னிலையில் உறுதி எழுதி முத்திரையிட்டார். முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்சாடியில் இட்டுவைக்கச் சொன்னார். அந்த நாட்டில் மீண்டும் வீடுகளும் வயல்களும் வாங்கப்படும் என்பதற்கு அது அடையாளம். எரேமியா 32ஆம் அதிகாரத்தை ஒவ்வொரு கமக்காரக் குடும்பமும் ஒருமுறை வாசிக்கவேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

எம் மக்கள் ஓடும்போது எதை எடுத்தார்கள்? பலர் பிள்ளைகளையும், அடுத்ததாகக் காணி உறுதியையும். மண்சாடிக்குப் பதிலாகப் பொலித்தீன் பை. மழையிலும் நீரேரியிலும் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனவர்களை நாம் அறிவோம். அது வெறும் கடதாசி அல்ல. எரேமியாவின் நம்பிக்கையும் அந்தப் பையில் இருந்தது.

ஆனால் நம்பிக்கை காத்திருப்பது மட்டுமல்ல. முதலில் நாடு கடத்தப்பட்டவர்களுக்கு அதே எரேமியா ஒரு கடிதம் அனுப்பினார். 29ஆம் அதிகாரத்தில் அது உள்ளது. இருக்கும் இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள், இருக்கும் நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பதே அதன் சாரம். ஊர் திரும்பும் உரிமையை விடாமலே, இருக்கும் இடத்தில் வாழ்வைத் தொடங்கலாம். பிறர் காணியில் இருந்தாலும் முருங்கைத் தடியொன்றை நட்டவர் சொந்த ஊரை மறந்தவரல்லர்.

திரும்பிப் போகும்போது

அழிவின் பாடம் அழிவோடு முடிவதில்லை, திரும்பிய பின்னரே அது சோதிக்கப்படுகிறது. பாபிலோனிலிருந்து திரும்பி வந்து பல்லாண்டுகளின் பின், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஏழைகளின் கூக்குரல் எழுந்தது. இம்முறை பாபிலோனியருக்கு எதிராக அல்ல, சொந்தச் சகோதரருக்கு எதிராக. பஞ்சத்தில் தானியத்துக்காக வயலை அடகு வைத்தவர்கள், வரி கட்டக் கடன்பட்டவர்கள், பிள்ளைகளை அடிமைகளாக விட்டவர்கள் முறையிட்டார்கள். தாமும் தம்மவரும் கடன் கொடுத்தவர்களே என்பதை நெகேமியா ஒளிக்கவில்லை. சபையைக் கூட்டி, வயலையும் தோட்டத்தையும் வீட்டையும் வாங்கிய வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

நாபோத்தின் காணியை எடுத்தவன் அரசன். நெகேமியாவின் காலத்தில் எடுத்தவன் கூடவே துன்பப்பட்ட சகோதரன். எமக்கு முன்னாலுள்ள ஆபத்து இது. காணியை வைத்திருப்பவரிடம் அதை விடுவிக்கும்படி கேட்போம், சட்டத்தின் வழியிலும் அறவழியிலும் தொடர்ந்து கேட்போம். அது நாபோத்தின் உரிமை. அதேவேளை, எல்லைக்கல் அழிந்த இடத்தில் அயலவனின் காணிக்குள் இரண்டு முழம் தள்ளி வேலி போடுபவனும் எங்களில் ஒருவனே. உறுதியில் பெயரில்லை என்று தம்பியின் விதவையை வெளியே தள்ளுபவனும், நுண்கடன் கட்டமுடியாத பெண்ணின் காணியை அரைவிலைக்குக் கேட்பவனும் எங்களில் ஒருவனே.

எனவே ஒவ்வொரு கிராமமும் சில காரியங்களைச் செய்யலாம். உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க, எழுத வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் உதவட்டும். வேலி போடுமுன் அயலவரும் ஊர்ப் பெரியவரும் ஒன்றாக நின்று எல்லை பார்க்கட்டும். தீராவிட்டால் கத்தியை எடுக்காமல் மத்தியஸ்த சபைக்குப் போகட்டும். முதலில் துப்புரவாக்கும் கிணறு சாதி, சமயம் பாராது எல்லோரும் அள்ளும் கிணறாக இருக்கட்டும். காணியே இல்லாத கூலிக் குடும்பம், இழந்ததாகக் காட்ட உறுதியில்லாத காரணத்தால், எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமற் போகிறது. அந்தக் குடும்பத்துக்காகக் கிராம அபிவிருத்திச் சங்கம் பேசட்டும். நிலம் ஆண்டவருக்கே உரியது, நாம் அதில் தங்கிச் செல்பவர்களே என்று லேவியர் நூல் 25ஆம் அதிகாரம் போதிக்கிறது. இந்து, இஸ்லாமிய சகோதரரும் தத்தம் சமய வழியில் இதற்கு உடன்படுவர் என நம்புகிறோம்.

இன்னும் ஒரு வருடம்

சீலோவாம் கோபுரத்தைப் பற்றிப் பேசிய உடனேயே இயேசு ஒரு தோட்டக்காரனின் கதையைச் சொல்கிறார். மூன்று வருடமாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடும்படி காணிச் சொந்தக்காரன் கட்டளையிடுகிறான். தோட்டக்காரன் மறிக்கிறான். இந்த வருடமும் விட்டுவைக்கும்படியும், தான் சுற்றிக் கொத்தி எருப் போடுவதாகவும் கேட்கிறான். அழிவைப் பற்றிய கேள்விக்கு இயேசு தந்த கடைசிப் பதில் இதுதான். மண்வெட்டியும் எருவும் கையில் கொண்டு, இன்னும் ஒரு வருடம் தாருங்கள் என்று பரிந்து கேட்கும் ஒருவன் அங்கே நிற்கிறான். கமக்காரனைவிட இந்தக் கதையை நன்றாக விளங்கிக்கொள்ளக்கூடியவர் வேறு யார்?

அந்த முதியவரிடம் சில வாரங்களின் பின் மறுபடியும் போனோம். "ஐயா, நீங்கள் கேட்டதற்கு இப்ப பதில் சொல்லலாம். இது உங்கட பாவத்துக்குத் தண்டனை இல்லை. காணி எடுத்தவையைத்தான் ஆண்டவர் கேள்வி கேட்டவர். ஆனால் திரும்பிவாற எங்களிட்டையும் அவர் ஒரு கேள்வி கேட்பார், இனி எப்படி இருக்கப்போறியள் எண்டு," என்றோம். அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, தமது கிணற்றைத் துப்புரவாக்குவதற்கு முன், எல்லையோரத்து வளவுக்காரரின் பிள்ளைகளுக்குத் தந்தி அடித்தாற்போல் உடனே அறிவிக்க வேண்டும் என்றார். அவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். "அவையள் வந்து நிண்டு பார்க்காமல் நான் கதியால் போடமாட்டன், சுவாமி. பிறகு ஒரு கதை வரக்கூடாது," என்றார்.

நாம் சொல்ல வந்ததை அவர் எம்மிலும் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். வரும் போகத்தில் அவருடைய தறையில் வெங்காயம் முளைக்க இறைவன் அருள்வாராக. இன்னமும் திரும்பிப் போக வழியில்லாத குடும்பங்களுக்கு அந்த நாள் விரைவில் கிட்டுவதாக. அந்நாள் வரும்போது, எவருடைய எல்லையையும் மிதியாத கால்களோடு நாம் எம் மண்ணில் இறங்குவோமாக.